பாய்மரத் தெருவின் ஏழு மணி ஊசி

பாய்மரத் தெருவில் துரை என்கிற கடுவன் பூனைக்கு முதல் ஊசி போடப்பட்ட செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, அந்தத் தெருவிலும் அதை ஒட்டிய இரண்டு சந்துகளிலுமாக நாற்பத்தோரு பேர் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிப் பிடரியைத் தடவிக்கொண்டார்கள். கட்டெறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். தையல்கடை சேக்மதார், காலரில் குண்டூசி மாட்டிக்கொண்டதென்று சட்டையைக் கழற்றி உதறிப் பார்த்தார். மீன் கூடையைத் தலைக்கு ஏற்றப்போன சலேத், நண்டு ஏறிவிட்டதென்று நினைத்துக் கூடையையே நடுத்தெருவில் கவிழ்த்தாள். மாதா கோயிலில் பூசை வைத்துக்கொண்டிருந்த சாமியார் விரித்த கைகளில் ஒன்றை மடக்கிக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோக, பெஞ்சுகளில் இருந்தவர்களில் பாதிப்பேர் அதேபோல் செய்ய, மீதிப்பேர் இது புதுச் சடங்கு போலிருக்கிறது என்று தாங்களும் பிடரியைத் தொட்டுக்கொண்டார்கள். இந்தத் தெருவிலிருந்து மஸ்கட்டுக்குக் கட்டிக்கொடுத்துப் போன ஒரு பெண் அங்கே காலை ஐந்தரைக்குத் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்து, கழுத்தைத் தேய்த்தபடி, காரணமில்லாமல் அம்மா வீட்டுக்கு வந்துபோகிற பூனையை நினைத்துக்கொண்டாள்.

ஊசியைப் போட்ட வியாகுலத்துக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

வியாகுலத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த பேக்கரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக மக்ரூன் அடுக்குகிற வேலை பார்த்தாள். முட்டை வெள்ளையையும் சீனியையும் நுரைக்க நுரைக்க அடித்து, முந்திரித்தூள் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, அடுப்பின் இளஞ்சூட்டில் காயவிட்ட அந்த வெள்ளைப் பண்டத்தை, மூக்கு உடையாமல் எடுத்து டப்பாவில் வைக்க வேண்டும். மூக்கு உடைந்ததைக் கடையில் விற்க மாட்டார்கள், வேலைக்கு வருகிற பெண்கள் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வியாகுலமும் தினம் கொண்டுபோனாள். வீட்டில் அவள் புருஷன் கஸ்பார் இருந்தார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டிய மனுஷன், நாக்கு முழுக்க இனிப்பு ஆசை, உடம்பு முழுக்கச் சர்க்கரை.

"ஒண்ணே ஒண்ணு குடு வியாகுலம், மூக்கு மட்டும் போதும்" என்று அவர் கையை நீட்டுவார். "உங்களுக்கு இது விஷம். சாவணும்னு ஆசையா?" என்று அவள் கேட்பாள். கேட்டுவிட்டு, பொட்டலத்தோடு வாசல்படியில் குந்தி, அவர் பார்க்கப் பார்க்க, மக்ரூனை ஒவ்வொன்றாக நொறுக்கித் துரைக்குப் போடுவாள். மஞ்சள் வரியும் பெருத்த தலையுமாக, யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லார் வீட்டிலும் அதிகாரமாய் நுழைந்து திரிந்த அந்தக் கடுவன் பூனைக்குத் துரை என்று பேர் வைத்ததே கஸ்பார்தான். துரை கண்ணை மூடி மூடித் தின்னும். கஸ்பார் அதைப் பார்த்துக்கொண்டே, "பூனையாப் பொறந்திருக்கலாம்" என்று சிரிப்பார். அது சிரிப்புத்தான் என்று வியாகுலம் ஒன்பது வருஷமாக நம்பியிருந்தாள்.

அவர் தினமும் ஊசி போட்டுக்கொண்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சிவப்பு மூடி போட்ட சின்ன ஊசியில் கோடு பார்த்து மருந்தை இழுத்து, பனியனைத் தூக்கி, தொப்புளுக்கு இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளிக் குத்திக்கொள்வார். கடைசி வருஷம் கண் மங்கியது. ஒருநாள், "ஊசியையாவது நீ போட்டு விடேன், கோடு தெரிய மாட்டேங்குது" என்றார். வியாகுலம் அப்போது சோற்றுப்பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்தது, எழுந்திருக்க மனமில்லை. "ஊசியைக் கண்டாலே எனக்குத் தலை சுத்தும். நீங்களே போட்டுக்கோங்க" என்றாள். தலை சுற்றாது என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் தடவித் தடவி எண்ணிக்கொண்டார். காலில் வந்த புண் ஆறாமல் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார். புண்ணுக்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் இருந்ததா இல்லையா என்று அவள் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாள்.

அவர் போன பிறகு துரை, அவருடைய பிரம்பு நாற்காலியில் ஏறிப் படுத்து அதை விட்டு இறங்காமல் அந்த வீட்டுப் பூனையாகிப் போனது. சில மாதத்தில் அதன் முதுகெலும்பு தட்டுப்பட்டது. வைத்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் அங்கேயும் நக்கியது. ஒருநாள் சலேத் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி வியாகுலம், இவன் மூத்திரம் பெய்ஞ்ச மண்ணுல எறும்பு மொய்க்குது பாரு."

வியாகுலம் பார்த்தாள். கஸ்பாருக்கு நோய் இருக்கிறதென்று முதலில் காட்டிக்கொடுத்ததும் எறும்புதான்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா செண்பகவல்லி, துரையின் காதோரத்தில் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன குடுத்து வளர்த்தீங்க?" என்று கேட்டார். மீன் தலை, பால்சோறு என்றெல்லாம் வியாகுலம் சொன்னாள். மக்ரூனைச் சொல்லவில்லை. டாக்டரம்மா மருந்துக் குப்பியைக் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். "குலுக்கக் கூடாது, உள்ளங்கையில வெச்சு உருட்டணும். காலை ஏழு, மாலை ஏழு. ரெண்டு யூனிட், பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அடியில போடணும். சாப்பிட்ட பிறகுதான் போடணும், சாப்பிடலைன்னா எனக்குப் போன் பண்ணணும். இதை மட்டும் மறக்காதீங்க. ஊசி போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா, போடவே போடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போன ஊசியால சாக மாட்டான். கூடிப்போன ஊசியால செத்துருவான்."

"எனக்கு ஊசின்னா தலை சுத்தும்" என்று சொல்ல வாயெடுத்து, வியாகுலம் வாயை மூடிக்கொண்டாள்.

இப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று மாலை ஏழு மணிக்கும் நாற்பத்தோரு பேருக்குச் சுருக்கென்றது. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமைக்குள் தெருவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. குத்து விழுந்தவர்கள் யார் யாரென்று பார்த்தால், ஒரு தடவையாவது துரைக்கு எதையாவது தின்னக் கொடுத்தவர்கள். ஒரே ஒரு பிஸ்கட் போட்டவர்களுக்கு எறும்புக்கடி. தினம் பால்கோவா வழித்த கையை நக்கவிட்டவர்களுக்குக் குளவிக்கடி. தெருவில் யாரும் இதற்கு ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் லாரி வருகிற நாளையும் கரண்ட் போகிற நேரத்தையும் எப்படி ஏற்றுக்கொண்டார்களோ அப்படி இதையும் ஏற்றுக்கொண்டார்கள். சேக்மதார் ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். முடிவெட்டுகிறவர் கத்தியை மடக்கி வைத்தார். டீக்கடையில் அந்த நேரத்துக்கு யாருக்கும் ஆற்றிக் கொடுப்பதில்லை. சாமியார், ஏழு மணி அறிவிப்பு வாசிக்கிற இடத்தில் வரும்படியாகப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார், அதனால் அவர்மேல் சபைக்கு மரியாதை கூடியது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், கூடத்தில் இருந்த பெரியவர் முதல் பெண் வரை ஒன்றாகக் கழுத்தைத் தொடுவதைப் பார்த்து, "இது எங்க வழக்கத்துல இல்லையே" என்று தயங்க, "எங்க தெரு வழக்கம்" என்று பதில் வந்தது. அந்தக் கல்யாணமும் நல்லபடியாகவே முடிந்தது.

சில ரகசியங்கள் வெளியே வந்தன. உப்புக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டையான பொன்னுலிங்கம் சார், துரையைக் கண்டாலே செருப்பைக் கழற்றி வீசுகிறவர், தெருவில் பூனை வளர்க்கக் கூடாதென்று எல்லாரிடமும் கையெழுத்துக் கேட்டு அலைந்தவர், ஒருநாள் மாலை ஏழுக்கு டீக்கடை வாசலில் வைத்துப் பிடரியைப் பொத்திக்கொண்டு "ஆ" என்று கத்திவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற லட்டைச் சர்க்கரைக்காரரான அவரால் தின்ன முடியாமல், வீணாக்கவும் மனசில்லாமல், யாரும் பார்க்காத நேரத்தில் துரைக்கு ஊட்டியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தெருக்காரர்கள் வியாகுலத்தின் வீட்டுக்கு வந்தார்கள். சண்டைக்கு இல்லை. ஆனாலும் யாரோ ஒருவர், "பேசாம துறைமுகத்துப் பக்கம் கொண்டு விட்டுருவோமா?" என்று மெல்லக் கேட்டார். பொன்னுலிங்கம் சார்தான் தொண்டையைக் கனைத்தார்.

"குத்தட்டும். நாமதானே குடுத்தோம்" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வியாகுலத்துக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள், அதாவது எப்படி விழுந்தது என்று சொன்னார்கள். "இன்னிக்குக் காலையில கொஞ்சம் கடுத்துச்சும்மா, நிமிர்த்திக் குத்திட்டிய போல, சாய்ச்சுப் பாருங்க" என்பார் சேக்மதார். "சாயங்காலம் போட்டது பூப்போல இருந்துச்சு யக்கா" என்று குழாயடியில் ஒருத்தி சொல்வாள். ஒரு மாதத்தில் வியாகுலத்தின் கை நன்றாகப் படிந்துவிட்டது. துரைக்குச் சோறும் பாலும் நின்றன. சலேத் தினம் நாலு சாளை மீனைத் தனியாக எடுத்து வைத்தாள், அவித்து முள் எடுத்துக் கொடுத்தார்கள். துரை தின்கிற சத்தம் கேட்டதும் அவள் மருந்தை உள்ளங்கையில் உருட்டுவாள். நாற்பத்தோரு பேர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

அவளுக்கு மட்டும் ஒருநாளும் வலிக்கவில்லை.

ஆரம்பத்தில், குத்துகிற கைக்கு வலி தெரியாது போலிருக்கிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. ஒரே ஒரு பிஸ்கட் போட்டவனுக்கெல்லாம் தண்டனை உண்டு, ஒன்பது வருஷம் கூடை கூடையாக மக்ரூன் போட்டவளுக்கு இல்லையென்றால், அவளுடைய கணக்கு வேறெங்கோ தனியாக வைக்கப்பட்டிருக்கிறது, அது இந்தச் சுருக்கோடு தீருகிற கணக்கு இல்லை. இப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. "குத்தும்போது உனக்கும்தானே சுருக்குங்குது, எப்படிட்டி தாங்குதே?" என்று சலேத் ஒருநாள் கேட்டபோது, "ஆமா, வலிக்கத்தான் செய்யுது" என்று சொன்னாள். அன்றிலிருந்து ஊசி போட்டு முடித்ததும், ஜன்னல் வழியாக யாராவது பார்க்கிறார்களா என்று கவனித்துவிட்டு, கையைத் தூக்கித் தன் பிடரியைத் தடவிக்கொண்டாள். இரண்டு மாதம் தினமும் இரண்டு வேளை அப்படிச் செய்தாள்.

கஸ்பார் செத்து ஒரு வருஷமான அன்று விடியற்காலை முதல் பூசைக்கு அவர் பேர் கொடுத்திருந்தாள். பூசை முடிந்து வந்து துரைக்கு மீன் வைத்து, ஏழு மணிக்கு ஊசியும் போட்டாள். பிறகு முதல் நாள் பேக்கரியிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த டப்பாவைப் பிரித்தாள். மூக்கு உடையாத மக்ரூன், ஒரு டஜன். அதைப் படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுதிரி ஏற்றினாள். படத்திலிருந்த கஸ்பார், எப்போதும் போல, கேட்டுவிட்டுக் காத்திருக்கிற முகத்தோடு பார்த்தார். பிரம்பு நாற்காலியிலிருந்து துரையும் பார்த்தது. மெலிந்த முகத்தில் கண் இரண்டும் பெரிசாகியிருந்தன. இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"அவியளுக்குத்தான் குடுக்கல" என்று சத்தமாகவே சொன்னாள். ஒரு மக்ரூனை எடுத்து நொறுக்கி நாற்காலிக்குக் கீழே போட்டாள். துரை இறங்கி வந்து கண்ணை மூடி மூடித் தின்றது. இன்னொன்று போட்டாள். மூன்றாவதையும் போட்டாள். அது கடைசித் தூளையும் நக்கி நிமிர்ந்தபோதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. சர்க்கரை ஏறிவிடுமே, மாலையில் டாக்டரம்மாவிடம் காட்டவேண்டிய நாளாயிற்றே, காதில் ரத்தம் எடுத்ததும் எல்லாம் தெரிந்துவிடுமே என்று பதறினாள். டாக்டரம்மா சொன்ன எச்சரிக்கை அவளுக்கு நினைவிருந்தது. நினைவிருந்தும், மக்ரூனுக்கு ஒரு யூனிட் வீதம் மூன்று யூனிட் மருந்தை இழுத்து, எட்டு மணிக்குத் துரையின் பிடரியில் மறுபடி குத்தினாள்.

எட்டு மணிக்குத் தெரு தயாராக இல்லை. சேக்மதாரின் மிஷின் ஊசி அவர் விரல் நகத்தைத் துளைத்தது. டீக்கடையில் இரண்டு கிளாஸ் உடைந்தது. பத்து நிமிஷத்தில் சலேத்தும் இன்னும் நாலைந்து பேரும் வாசலில் நின்றார்கள்.

"ஏட்டி, ரெண்டாந்தடவை குத்துனியா?"

"இல்லையே" என்றாள் வியாகுலம்.

"எங்களுக்கெல்லாம் விழுந்துச்சே."

"அது... காலையில போட்டப்ப முடியில பட்டு மருந்து வெளிய போயிருச்சு. அதான் வெறும் ஊசியை வெச்சுப் பாத்தேன். மருந்து ஏறல."

சலேத் அவளை ஒரு கணம் பார்த்தாள். துரை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். வியாகுலம் பேக்கரிக்குப் போகவில்லை. டப்பாவை மூடி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

பதினோரு மணிக்குத் துரை இறங்கி நடக்கப் பார்த்தது. பின்னங்கால் இரண்டும் வேறு யாருடையதோ போலப் பக்கவாட்டில் போயின. சுவரில் முட்டிக்கொண்டு விழுந்தது. வாயில் எச்சில் ஒழுக, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வியாகுலம் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தது சலேத், அடுத்தது சேக்மதார், பிறகு தெருவே வாசலில் நின்றது. சலேத்தான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக வைத்தாள்.

"எத்தனை யூனிட் போட்டீங்க?"

"ரெண்டு" என்றாள் வியாகுலம்.

"பொய் சொல்லாதட்டி" என்றாள் சலேத். கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நாப்பது பேரு கழுத்து பொய் சொல்லுமா? அவன் செத்துருவாண்டி, சொல்லு."

வியாகுலம் வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தாள். "அஞ்சு டாக்டரம்மா. ஏழு மணிக்கு ரெண்டு, எட்டு மணிக்கு மூணு."

"ஏன் போட்டீங்க?"

"மக்ரூன் தின்னுட்டான். மூணு."

"யாரு குடுத்தா?"

"நாந்தான்."

போனில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு டாக்டரம்மா வேகமாகப் பேசினார். தேனோ சீனிப்பாகோ விரலில் தொட்டுப் பல் ஈற்றில் தேய்க்க வேண்டும், தொண்டைக்குள் ஊற்றக் கூடாது, பல்லுக்கு இடையில் விரலை விடக் கூடாது, தேய்த்துக்கொண்டே உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவர் பேசி முடிப்பதற்குள் வாசலில் நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். துரைக்கு இனிப்பே காட்டக் கூடாதென்று மாதக்கணக்காகக் கதவடைத்துத் தின்ற தெரு, இப்போது வீட்டுக்கு வீடு இனிப்பைத் தேடி எடுத்தது. ஒருத்தி குளுக்கோஸ் டப்பாவோடு வந்தாள், ஒருத்தி நன்னாரி சர்பத்தோடு, இன்னொருத்தி கருப்பட்டிப் பாகைச் சட்டியோடு தூக்கி வந்தாள். பொன்னுலிங்கம் சார் ஒரு தேன் பாட்டிலை நடுங்குகிற கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து மூடியைத் திறக்க முடியாமல் தவித்தார். அந்தத் தேனைத்தான் வியாகுலம் விரலில் தொட்டாள். சேக்மதார் ஆட்டோவைப் பிடித்து வந்தார். சலேத் மடியில் துண்டை விரித்துப் பூனையைக் கிடத்திக்கொள்ள, வியாகுலம் ஈற்றில் தேய்த்தாள். தேய்க்கும்போதே பேசினாள். யாரிடம் என்று இல்லை.

"அவிய கேக்கும்போதெல்லாம் இவனுக்குப் போட்டேன். அவிய பாக்கணும்னே போட்டேன் சலேத். கோடு தெரியல, ஊசி போட்டு விடுன்னு ஒரே ஒரு தடவ கேட்டாவ. தலை சுத்தும்னு சொன்னேன். சுத்தாது. எனக்கு எதுவும் சுத்தாது. உங்களுக்கெல்லாம் வலிக்குது, எனக்கு ஒருநாளும் வலிச்சதில்ல. சும்மா கழுத்தைத் தடவிட்டிருந்தேன்."

ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கியது. "சரி, தலையைப் பிடி. ஆடுது பாரு" என்றாள் சலேத்.

ஆஸ்பத்திரியில் முன்னங்காலில் குழாய் மாட்டி மருந்து ஏற்றினார்கள். மாலை நாலு மணிக்குத் துரை தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்து, இவ்வளவு பேர் நிற்கிறீர்கள், ஒருவர் கையிலும் மீன் இல்லையே என்பது போலக் கத்தியது. டாக்டரம்மா வியாகுலத்தைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் காலையில் அவளால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. கேட்காமலே சலேத் வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்தை உருட்டி, கோட்டை இரண்டு தடவை வெளிச்சத்தில் பார்த்து, துரையின் பிடரித் தோலைத் தூக்கினாள். வியாகுலம் அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றாள். குத்துகிறவள் இப்போது தான் இல்லை. தன் கழுத்திலும் விழுமா விழாதா என்று காத்திருந்தாள்.

கழுத்தில் விழவில்லை. தொப்புளுக்கு இடப்பக்கம், இரண்டு விரல் தள்ளி, விழுந்தது. எறும்பும் இல்லை, குளவியும் இல்லை. ஒரு ஊசி, ஊசியாகவே இறங்கியது. மெதுவாக, பார்வை தெரியாத கை ஒன்று தடவித் தடவி இடம் கண்டுபிடித்துக் குத்துவது போல. வியாகுலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். சலேத் "என்னட்டி, விழுந்துச்சா?" என்று கேட்டாள். "விழுந்துச்சு" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் அவள் கை பழையபடி நிதானத்துக்கு வந்தது. ஆனாலும் மாலை ஊசியை மட்டும்தான் திரும்ப எடுத்துக்கொண்டாள். காலை ஊசியைச் சலேத்தே போடட்டும் என்றாள். மீன் விற்கப் போகிற அவசரத்திலும் சலேத் மறுக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் ஏழு மணிக்கு வியாகுலம் அடுப்படியில் நின்று அந்தக் குத்தை வாங்கிக்கொண்டாள். அதனால் பாரம் இறங்கியதா என்றால், இல்லை. அவர் தினம் இரண்டு வேளை பட்டது இன்னதென்று தெரிந்துகொண்டாள். ஒளித்து வைத்த டப்பாவை எடுத்துக் குப்பையில் கொட்டினாள். பேக்கரியில் உடைந்த மக்ரூனுக்குப் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டாள்.

துரை தேறியது. சில பூனைகளுக்கு அப்படி நடப்பதுண்டு என்று டாக்டரம்மா சொன்னார். சரியான தீனியும் தவறாத ஊசியும் சேர்ந்தால் உடம்பு தானாகவே பழைய வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுமாம். இரண்டு யூனிட் ஒன்றாகி, ஒன்று அரையாகி, நாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை, காதில் எடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இனி ஊசி வேண்டாம். வாரம் ஒருதடவை கொண்டு வந்து காட்டுங்க, அது போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாய்மரத் தெருவில் யாருக்கும் சுருக்கென்று எதுவும் விழவில்லை. சேக்மதார் மிஷினிலிருந்து காலை எடுத்து, காத்திருந்து, பிறகு மெதுவாக மிதிக்கத் தொடங்கினார். சாமியார் அறிவிப்பு வாசித்து முடித்தபின்னும் ஒரு கணம் நின்றார். பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் கழுத்தைத் தடவிக்கொண்டே நல்லது நல்லது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சொன்ன குரல்களில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. மஸ்கட்டிலிருந்து போன் வந்தது, பூனை இருக்கிறதா என்று கேட்டு.

இதெல்லாம் ஆகி ஒரு வாரம் இருக்கும். காலை நேரம், வியாகுலம் பேக்கரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பொன்னுலிங்கம் சார் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதற்குள் கைக்குட்டையில் சுற்றி ஏதோ இருந்தது. உள்ளே வரச் சொன்னாள். அவர் பிரம்பு நாற்காலியைப் பார்த்தார், அதில் துரை கிடந்தது. படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா, உனக்குத்தான் இப்ப இந்த வேலை இல்லையே" என்று ஆரம்பித்தார். டம்ளரை நீட்டினார். மருந்துக் குப்பியும் சிவப்பு மூடி போட்ட ஊசியும் இருந்தன. அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் குப்பி டம்ளருக்குள் கிணுகிணுத்தது. "ரெண்டு மூணு மாசமா கோடு சரியாப் பிடிபடல. சில நாள் கூடப் போயிருது, சில நாள் குறைஞ்சிருது. தங்கச்சி மகள் இருக்கா, அவகிட்டச் சொன்னா வந்துருவா. கூச்சமா இருக்கு."

வியாகுலம் டம்ளரை வாங்கிக்கொண்டாள். போய்க் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். "எத்தனை சார்?"

"பதினாலு. சாப்பிடப் போறேன், இட்லி வாங்கி வெச்சிருக்கேன்."

குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். பதினாலாவது கோடு வரை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சுண்டிக் காற்றுக்குமிழியை வெளியேற்றி, மறுபடி பார்த்தாள். அவர் அரைக்கைச் சட்டையைத் தோள் பக்கமாக மடித்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மேல்கையின் பின்புறத்தில் தளர்ந்த சதையை இரண்டு விரலால் பிடித்து, ஊசியைச் செலுத்தி, மருந்தைத் தள்ளி, மனசுக்குள் பத்து எண்ணி, எடுத்தாள்.

"போட்டுட்டியா?" என்றார் அவர் திரும்பாமல்.

"போட்டாச்சு சார்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்" என்றாள்.

அவர் சட்டையை இறக்கிவிட்டு, சாயங்காலமும் வரலாமா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், நானே வீட்டுக்கு வருகிறேன், நீங்கள் நடக்க வேண்டாம் என்றாள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். வியாகுலம் ஊசியின் மூடியை மாட்டிக்கொண்டே கஸ்பாரின் படத்துக்கு மேலே சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் வந்து படியில் உட்கார்ந்ததிலிருந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.